பலகை அறுக்கும்போது ஏர் ஃபில்டர் அடைப்பு, சிலிண்டர் சூடு: செயின்சாவின் காற்றோட்டத்தை மாற்றினால் தீருமா?

#1 பலகைக்காரன்

வணக்கம். என்னிடம் இருப்பது 70 சிசி செயின்சா, பழைய மாடல். ஃப்ளைவீல் (இன்ஜின் தண்டோடு சுற்றும் சக்கரம்) தள்ளும் காற்றை வைத்தே தூசியை முன்கூட்டிப் பிரிக்கும் ஏற்பாடு இதில் கிடையாது. மரம் சாய்க்கவும் துண்டு போடவும் பயன்படுத்திய வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆறு மாதமாக மில் சட்டத்தில் மாட்டிப் பலகை அறுக்கிறேன். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு டேங்க் பெட்ரோல் தீர்வதற்குள் ஏர் ஃபில்டர் மாவு அப்பியது போல ஆகிவிடுகிறது. இழுவை குறைகிறது, புகை கூடுகிறது. அதோடு சூடு. நீளமான கட்டையில் கடைசி ஒரு மீட்டர் வரும்போது சுற்று தானாக இறங்குகிறது. நிறுத்தினால் பத்து நிமிடத்துக்கு ஸ்டார்ட் ஆக மறுக்கிறது.

மனதில் இருப்பவை: ஸ்டார்ட்டர் கவரிலிருந்து ஃபில்டர் பெட்டிக்கு 12 மி.மீ. ஓட்டை போட்டு ஒரு ரப்பர் குழாய் விடுவது. சிலிண்டர் மேல் கவரில் ஏழெட்டு ஓட்டை போட்டு சூட்டை வெளியே விடுவது. ஃபில்டரை எண்ணெய் தடவிய ஃபோமாக மாற்றுவது. டிரில்லை எடுப்பதற்கு முன் உங்களைக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

#2 ஃபின்நடுவே

மேல் கவரில் ஓட்டை போடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

#3 பலகைக்காரன்

ஏன் அண்ணா? சூடான காற்று மேலே போகும்தானே.

#4 ஃபின்நடுவே

சும்மா நிற்கும் அடுப்பில் மேலே போகும். இங்கே காற்று தானாக எங்கும் போவதில்லை, ஃப்ளைவீல் தள்ளுகிறது. ஃப்ளைவீலின் முதுகில் இருக்கும் தகடுகள்தான் ஃபேன். அது ஸ்டார்ட்டர் கவர் சந்துகள் வழியாகக் காற்றை இழுத்து, பக்கவாட்டில் சிலிண்டர் ஃபின்களுக்கு (சூட்டை இறக்கும் மெல்லிய விளிம்புகள்) நடுவே தள்ளி, சைலன்சர் பக்கம் வெளியே விடுகிறது. சிலிண்டரைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கவரும் தடுப்புத் தகடும் அந்தக் காற்றை ஃபின்களுக்கு நடுவே போகக் கட்டாயப்படுத்துகின்றன. காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் பிடிக்கும். மேலே ஓட்டை கிடைத்தால் ஃபின்னுக்குள் நுழையாமல் அப்படியே வெளியே போய்விடும். கையை வைத்துப் பார்த்தால் ஜம்மென்று காற்று வரும், வேலை நன்றாக நடக்கிறது என்று தோன்றும். சைலன்சர் பக்கத்து ஃபின்கள் மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

கவரைக் கழற்றி ஃபின்களின் படத்தைப் போடுங்கள். மேல்பக்கம் மட்டும் போதாது. சைலன்சரையும் கழற்றி அந்தப் பக்கத்தையும் எடுங்கள்.

#5 கணக்குப்புலி

12 மி.மீ. குழாய்க்கு ஒரு கணக்கு.

70 சிசி, வெட்டும்போது நிமிடத்துக்கு 10,000 சுற்று. இரண்டு ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை உறிஞ்சும். முழுக் கொள்ளளவும் நிரம்பினால் நிமிடத்துக்கு 700 லிட்டர். நடைமுறையில் முழுதாக நிரம்பாது, 500 லிட்டர் என்று வைப்போம். நொடிக்கு எட்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல்.

அதை 12 மி.மீ. ஓட்டை வழியாக அனுப்பினால் காற்று நொடிக்கு 70 மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டும் புயல் அது. அந்த வேகத்துக்குத் தேவைப்படும் அழுத்தம் 300 மி.மீ. நீர்மட்டத்துக்கும் மேல், அதாவது தண்ணீரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கும் அழுத்தம். உங்கள் ஃப்ளைவீலின் ஓரம் 12,000 சுற்றில் நொடிக்கு 63 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகம் முழுவதையும் ஒரு துளி வீணாக்காமல் அழுத்தமாக மாற்றினால்கூட 240 மி.மீ.தான் வரும். நிஜத்தில் அதில் சிறு பங்குதான் கிடைக்கும்.

அதே எட்டு லிட்டரை 25 மி.மீ. வழியில் விட்டால் வேகம் நொடிக்கு 17 மீட்டர், தேவையான அழுத்தம் 18 மி.மீ. மட்டும். விட்டம் இரண்டு மடங்கானால் அழுத்தத் தேவை பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. குழாய் போடுவதென்றால் விரல் நுழையும் அளவு பத்தாது, இரண்டு விரல் நுழைய வேண்டும்.

இன்னொன்று. இன்ஜின் சீராக உறிஞ்சுவதில்லை, விட்டுவிட்டு இழுக்கிறது. அந்தந்த நொடித்துண்டில் தேவை சராசரியை விட மிக அதிகம். ஃபில்டருக்கு வெளியே நல்ல பெரிய இடம் இருந்தால்தான் அது சமாளிக்கும்.

#6 மௌனவாசகர்

கணக்கு சரி. ஆனால் அந்த எட்டு லிட்டரை ஃபேனிலிருந்து திருடினால் சிலிண்டருக்குக் குறையாதா? ஒரு பிரச்சினையைத் தீர்த்து இன்னொன்றை வளர்க்கிறோம்.

#7 கணக்குப்புலி

நல்ல கேள்வி. தோராயமாகப் பார்க்கலாம். 4 கிலோவாட் தரும் இன்ஜின் மணிக்கு 1.8 கிலோ பெட்ரோல் குடித்தால், உள்ளே போகும் சக்தி சுமார் 22 கிலோவாட். சங்கிலிக்குப் போனது 4. மீதி 18-ல் பெரும்பங்கு சைலன்சர் வழியாக, எரிந்தும் எரியாமலும் வெளியே போகும். ஃபின்கள் ஒரு 5 கிலோவாட்டை இறக்க வேண்டும் என்று வையுங்கள். காற்று 60 டிகிரி சூடாகி வெளியே போகிறது என்றால் நொடிக்கு 70 லிட்டர் தேவை. அதில் எட்டு எடுத்தால் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். சுத்தமான ஃபின் என்றால் தாங்கும். தூள் அடைத்த ஃபின் என்றால் ஏற்கனவே பாதிக்கு மேல் திருட்டுப் போய்விட்டது, நாம் எடுக்கும் எட்டு பெரிதே இல்லை.

#8 கரிபிடித்தகை

மூன்றாவது யோசனையைப் பற்றி, அடிபட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நானும் ஃபோம் ஃபில்டர் போட்டேன். காற்று தாராளமாக வந்தது, சத்தமே மாறியது, ஒரே சந்தோஷம். கார்புரேட்டரைத் தொடவில்லை. பழைய ஃபில்டர் பாதி அடைத்திருந்த காலத்தில் செய்த டியூனிங் அது. காற்று திடீரென்று கூடியது, பெட்ரோல் கூடவில்லை, கலவை லீனாகிவிட்டது. இரண்டாவது டேங்கில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. எக்ஸாஸ்ட் பக்கம் முழுக்க ஆழமான கீறல்.

ஆகவே ஃபில்டரை மாற்றினாலும் சரி, வெறுமனே கழுவினாலும் சரி, எச் ஸ்க்ரூவை (முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) மறுபடி பாருங்கள். டியூன் செய்யும்போது ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும். சுமை இல்லாமல் முழு த்ராட்டிலில் கொஞ்சம் கரகரவென்று நாலு ஸ்ட்ரோக் போலக் கத்த வேண்டும், மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைய வேண்டும். பலகை அறுக்க அதைவிடச் சற்று ரிச்சாக வைப்பது நல்லது. அரை நிமிடத்தில் முடியும் வெட்டு இல்லை அது, நிமிடக்கணக்கில் முழு த்ராட்டில். கூடுதல் பெட்ரோலும் அதிலுள்ள எண்ணெயும் உள்ளே குளிர்ச்சி தரும்.

பிஸ்டனைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் இரு பக்கமும் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் கீறல் என்றால் சூடு அல்லது லீன். இன்டேக் பக்கம் மெஷின் கோடுகள் அழிந்து மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் தூசி உள்ளே போகிறது. இரண்டும் வேறு வேறு வியாதி.

#9 பலகைக்காரன்

டிரில்லைத் தள்ளி வைத்துவிட்டேன். கவரையும் சைலன்சரையும் கழற்றினேன்.

ஃபின்னைக் காணோம். அதாவது ஃபின்களுக்கு நடுவே இடைவெளியே தெரியவில்லை. எண்ணெயும் மரத்தூளும் கலந்து சுட்ட களிமண் போல இறுகியிருக்கிறது. ஃப்ளைவீல் பக்கம் மட்டும் இரண்டு மூன்று சந்து திறந்திருந்தது. ஸ்டார்ட்டர் கவர் சந்துகளிலும் நார் சிக்கியிருக்கிறது. சிலிண்டருக்கும் கவருக்கும் நடுவே ஒரு சிறிய தடுப்புத் தகடு இருக்க வேண்டுமாம், உதிரிபாகப் படத்தில் பார்த்தேன். என்னிடம் அது இல்லை. வாங்கும்போதே இல்லையோ என்னவோ.

ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டர் வாய்க்குள் வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி பழுப்பாக வந்தது. மூக்குப்பொடி போல மெல்லிய தூள். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்ததில் பெரிய கீறல் எதுவும் தெரியவில்லை.

#10 ஃபின்நடுவே

உங்கள் சூட்டுப் பிரச்சினையில் பாதி அந்தக் களிமண்தான். ஃபின் என்பது பரப்பளவைக் கூட்டத்தான் இருக்கிறது. அடைத்துவிட்டால் அது வெறும் கட்டி உலோகம், அதற்கு மேல் மரத்தூள் கம்பளி.

கம்பி பிரஷ் வேண்டாம். மூங்கில் குச்சி அல்லது பிளாஸ்டிக் தகடால் சுரண்டுங்கள், பிறகு டீகிரீசர் ஊற்றி ஊறவிட்டு நைலான் பிரஷ் போடுங்கள். அதற்கு முன் இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்கள் இரண்டையும் துணியால் அடைத்துவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றை ஃப்ளைவீல் பக்கமிருந்து அடிக்காதீர்கள், தூள் இன்னும் உள்ளே இறுகும். சைலன்சர் பக்கமிருந்து பின்னோக்கி அடியுங்கள். கிராங்க் சீலுக்கு நேராக அடிக்க வேண்டாம்.

தடுப்புத் தகட்டை வாங்கி மாட்டுங்கள். சின்னத் தகடு என்று நினைப்பீர்கள். காற்று எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்வதே அதுதான்.

துணி பழுப்பாக வந்ததுதான் எனக்குக் கவலை. ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையும், அவ்வளவுதான். ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு தூசி போனால் பிஸ்டன் தேயும். ஃபில்டர் உட்காரும் உதட்டைப் பாருங்கள். தூசி பாதை இருந்தால் கோடு போட்டது போலத் தெரியும். அந்த உதட்டில் மெல்லியதாக கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஒரு வாரம் கழித்துக் கழற்றினால் எங்கே கசிகிறது என்று கிரீஸே காட்டிக்கொடுக்கும்.

#11 வேகத்தடை

இவ்வளவு பாடு எதற்கு? நைலான் வலை ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபெல்ட் வகை (நாரை அழுத்திச் செய்த துணி) போட்டால் முடிந்தது.

#12 கரிபிடித்தகை

முடியாது. நைலான் வலையில் 80 மைக்ரான், 44 மைக்ரான் என்று இரண்டும் கிடைக்கும். தலைமுடி சுமார் 70 மைக்ரான். ஃபெல்ட் அதைவிட மெல்லிய தூளையும் பிடிக்கும், அதனால் இன்னும் சீக்கிரம் அடைக்கும். உங்கள் யோசனை துணியின் பழுப்பைக் குறைக்கும், டேங்குக்கு ஒரு முறை கழுவும் வேலையைக் கூட்டும்.

மடிப்பு மடிப்பாக வரும் ஃபில்டர் அதற்குப் பதில். ஸ்டில் நிறுவனத்தின் எச்டி2 அந்த வகை, பாலிஎதிலீன், கழுவலாம். மடிப்பால் பரப்பு கூடுகிறது. அதே தூள் அதிக இடத்தில் பரவுவதால் அடைக்க நேரமாகும். அந்த மாதிரி உங்கள் மெஷினுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

#13 வேகத்தடை

மேலே நைலான் காலுறையை மாட்டிக்கொள்கிறார்களே, அது?

#14 கரிபிடித்தகை

வேலை செய்யும், பெரிய சீவலைத் தடுக்கும். ஆனால் அதன் ஓரம் ஃபில்டர் உதட்டுக்குள் மடங்கி சிக்கினால் சீல் போச்சு. நான் பார்த்த காலுறைகளில் பாதி அப்படித்தான் மாட்டியிருந்தன.

#15 பழையரம்பம்

எல்லோரும் வடிகட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். தூள் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. தம்பி, சங்கிலியைத் தீட்டி எவ்வளவு நாளாச்சு? கூரான பல் சீவலாக எறியும், மழுங்கின பல் மாவாக அரைக்கும். நாரின் போக்கிலேயே பலகை அறுக்கும்போது எப்படியும் பொடி அதிகம், அதற்குமேல் மழுங்கலும் சேர்ந்தால் ஃபில்டர் என்ன செய்யும். மழுங்கின பல்லுக்கு அழுத்தமும் கூட வேண்டும், சுற்று இறங்கும், ஃபேன் காற்றும் இறங்கும். சூடு அங்கேயும் ஏறும்.

பட்டையில் மண் ஒட்டியிருந்தால் முதலில் உரித்துவிடு. மரத்தூள் ஃபில்டரை அடைக்கும், மண் இன்ஜினையே தின்னும்.

#16 பலகைக்காரன்

தீட்டி ரொம்ப நாளாகவில்லை ஐயா, நாலு டேங்க் இருக்கும்.

#17 பழையரம்பம்

பலகைக்கு நாலு டேங்க் ரொம்ப நாள்தான்.

#18 காற்றுச்சந்து

இழையை இப்போதுதான் பார்த்தேன். முன்வடிகட்டல் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். நான் பழைய மெஷின் இரண்டில் செய்து பார்த்தவன், ஒன்று ஒழுங்காக வந்தது.

ஹஸ்க்வர்னா நிறுவனம் இதை ஏர் இன்ஜெக்‌ஷன் என்று அழைக்கிறது. பல நிறுவனங்களின் மாடல்களில் வேறு வேறு பெயரில் இதே தத்துவம் இருக்கிறது. ஃப்ளைவீலோடு சுற்றும் காற்றில் உள்ள தூசி நேராகப் போகப் பார்க்கும், காற்று வளைந்து போகும். விட்டம் 10 செ.மீ., சுற்று 12,000 என்றால் ஓரத்தில் சுற்றும் துகளை வெளிப்பக்கம் தள்ளும் விசை அதன் எடையைப் போல் சுமார் 8,000 மடங்கு. சீவலும் பொடியும் வெளிச்சுவரை ஒட்டி ஓடும். தகடுகளை ஒட்டிய உள்பக்கக் காற்று ஒப்பீட்டில் சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தமான காற்றை மட்டும் ஒரு வாயால் பிடித்து ஃபில்டர் பெட்டிக்கு அனுப்புகிறார்கள். மிக மெல்லிய தூள் காற்றோடேயே வளைந்து வந்துவிடும், அதற்குத்தான் ஃபில்டர்.

ஆக நீங்கள் யோசித்த குழாய் தப்பில்லை. எங்கே வாய் வைக்கிறீர்கள், எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளிச்சுவரில் ஓட்டை போட்டால் நேர்மாறாக, தூசியைத் தேர்ந்தெடுத்து ஃபில்டருக்கு அனுப்புவீர்கள்.

சில எச்சரிக்கைகள். ஃப்ளைவீலை வெட்டவோ ராவவோ வேண்டாம், சமநிலை போனால் அந்தச் சுற்றில் அது வெடித்துத் தெறிக்கும். கவரில் நீங்கள் வைக்கும் எந்தத் துண்டும் தகடுகளிலிருந்து குறைந்தது 3 மி.மீ. தள்ளியே இருக்கட்டும். ஒட்டுப்பசையை மட்டும் நம்பாதீர்கள், ஸ்க்ரூவும் வேண்டும். கழன்றால் ஃப்ளைவீலில் போய்த்தான் மோதும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். கிராங்க் கேஸ் மக்னீசியமாக இருந்தால் அதன் ராவல் தூள் தீப்பிடிக்கும், டேங்கைக் காலி செய்து காற்றோட்டமான இடத்தில் மெதுவாகக் கையால் செய்யுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் டேங்கோ எண்ணெய் டேங்கோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், என் இரண்டாவது மெஷின் ஒழுங்காக வராத கதை அதுதான்.

#19 மௌனவாசகர்

ஃபில்டர் பெட்டிக்குள் அழுத்தம் ஏறினால் கார்புரேட்டர் கலவை மாறாதா?

#20 காற்றுச்சந்து

கார்புரேட்டரின் டயாஃப்ரம் (பெட்ரோல் வரவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சவ்வு) மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அது எந்த இடத்துக் காற்றைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. பெட்ரோல் வருவது அந்தத் துளைப் பக்க அழுத்தத்துக்கும் வென்ச்சுரி (கார்புரேட்டரின் குறுகிய காற்று வழி) அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தால். துளையும் அழுத்தம் ஏறிய அதே பெட்டிக்குள் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஏறும், பெரிய மாற்றம் இராது. குழாயை ஃபில்டருக்கு மட்டும் இறுக்கி மூடி, துளை வெளியே இருந்தால், வென்ச்சுரியில் மட்டும் அழுத்தம் ஏறி கலவை லீனாகும்.

ஃபில்டர் அடைத்தால் புகை கூடுவதும் இதே கணக்கின் மறுபக்கம்தான். துளைப் பக்கம் அப்படியே இருக்க வென்ச்சுரியில் மட்டும் அழுத்தம் இறங்குகிறது, ரிச்சாகிறது. சில கார்புரேட்டர்களில் அந்தத் துளையை ஃபில்டருக்கு உள்பக்கத்தோடு இணைத்துவிடுவார்கள், அடைத்தாலும் கலவை அவ்வளவாக மாறாது. எம்-ட்ரோனிக், ஆட்டோட்யூன் மாதிரியான மின்னணு ஏற்பாடுகள் தாமாகவே சரிசெய்துகொள்ளும். பலகைக்காரன் மெஷினில் இரண்டு ஸ்க்ரூவும் ஒரு காதும்தான் துணை.

#21 சந்தேகராசா

இழைக்குக் கொஞ்சம் வெளியே. எனக்கும் சூடுதான் பிரச்சினை, சூடானால் பெட்ரோல் ஆவியாகி நின்றுவிடும். கார்புரேட்டர், சீல் எல்லாம் மாற்றிவிட்டேன்.

#22 ஃபின்நடுவே

ஃபில்டர் பெட்டிக்கும் சிலிண்டருக்கும் நடுவே குளிர்கால ஷட்டர் இருக்கிறதா பாருங்கள். பனியில் கார்புரேட்டர் உறையாமல் இருக்க சிலிண்டர் சூட்டை உள்ளே விடும் ஜன்னல் அது.

#23 சந்தேகராசா

திறந்தே இருந்திருக்கிறது. எவ்வளவு செலவழித்தேன் என்று கேட்காதீர்கள்.

#24 பலகைக்காரன்

இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஃபின். அரை நாள் பிடித்தது. தடுப்புத் தகடு வாங்கி மாட்டினேன். பிளக்குக்கு அடியில் வாஷர் போல மாட்டும் வெப்பமானி ஒன்றும் வாங்கினேன். சுத்தம் செய்வதற்கு முன் ஒரு வெட்டு, பின் ஒரு வெட்டு, ஒரே கட்டையில், ஒரே சங்கிலியில். உச்ச வெப்பம் 20 டிகிரிக்கு மேல் இறங்கியது. அதுவரை எந்த ஓட்டையும் போடவில்லை என்பதைக் கவனிக்கவும். அறுத்து முடித்ததும் சட்டென்று நிறுத்தாமல் அரை நிமிடம் ஐடிலில் ஓட விடுகிறேன். இப்போது சூட்டிலேயே இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது.

ஃபில்டர் உதட்டில் ஒரு மூலை நசுங்கியிருந்தது. புது ஃபில்டர், கிரீஸ். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வருகிறது.

பிறகு முன்வடிகட்டல். எதையும் வெட்டுவதற்கு முன் அளந்து பார்த்தேன். கண்ணாடிக் குழாயை யு வடிவில் வளைத்து, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டர் பெட்டிக்குள் விட்டேன். தண்ணீர் குதித்துக்கொண்டே இருந்தது, குழாய் வாயில் ஊசித்துளை போட்ட அடைப்பு வைத்ததும் அடங்கியது. முழு த்ராட்டிலில் ஃபில்டர் பெட்டியில் 12 மி.மீ. எதிர்மறை. அதாவது பெட்டி வெளியிலிருந்து உறிஞ்சுகிறது. எங்கே சந்து இருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் தூசியை இழுக்கிறது.

முதல் வாயை அலுமினியத் தகடில் செய்தேன். காற்று வரும் திசையைப் பார்த்து, வாயைப் பிளந்து வைத்தேன். அழுத்தம் நேர்மறையாக 20 மி.மீ. ஏறியது. துள்ளிக் குதித்தேன். ஒரு டேங்க் ஓட்டிக் கழற்றினால் ஃபில்டர் முன்னைவிட மோசம்.

#25 காற்றுச்சந்து

வெளிச்சுவரை ஒட்டி வைத்தீர்களா?

#26 பலகைக்காரன்

ஆமாம். நீங்கள் எழுதியதைப் படித்தும் அப்படித்தான் வைத்தேன், அங்கேதான் இடம் இருந்தது. சுவரோடு ஓடி வந்த அத்தனை சீவலும் நேராக வாய்க்குள்.

இரண்டாவது முயற்சியில் வாயை உள்பக்கம் நகர்த்தி, திசையைத் திருப்பினேன். காற்று அதைக் கடந்து போய், பின்பக்கம் மடங்கித்தான் உள்ளே நுழைய வேண்டும். வெளிச்சுவருக்கும் வாய்க்கும் நடுவே 8 மி.மீ. இடம் விட்டேன், சீவல் ஓடிப் போக. தகடிலிருந்து 3 மி.மீ. தூரம். குழாயின் உள் விட்டம் 26 மி.மீ., ஆனால் ஒரு இடத்தில் நசுக்கித்தான் நுழைக்க முடிந்தது. அழுத்தம் 20-லிருந்து 6 மி.மீ.யாக இறங்கிவிட்டது. ஆனாலும் நேர்மறைதான். பெட்டியின் சந்துகளில் காற்று இப்போது வெளியே கசிகிறது, உள்ளே இழுக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தைச் சந்தில் பிடித்துப் பார்த்தேன், வெளிப்பக்கம் ஆடியது.

ஃபில்டர் இப்போது மூன்று டேங்க் தாங்குகிறது. நாலாவதில் இழுவை குறைவது தெரிகிறது.

#27 கணக்குப்புலி

20 மி.மீ. காட்டியபோது அடைத்ததும் 6 மி.மீ.யில் தாங்குவதும் அருமையான சான்று. சக்தி கூடுகிறதா என்று பார்க்கவே வேண்டாம். 6 மி.மீ. நீர்மட்டம் என்றால் வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அழுத்தத்தால் குதிரைத்திறன் கூடியது என்று சொல்பவர்கள் உண்மையில் சுத்தமான ஃபில்டரின் வித்தியாசத்தைத்தான் உணர்கிறார்கள். உள்ளே போகும் காற்றின் வெப்பம் அதைவிட முக்கியம். பத்து டிகிரி சூடானால் அடர்த்தி மூன்று சதவீதத்துக்கு மேல் குறையும். அந்த வகையில் உங்கள் குழாய் சிலிண்டரைத் தொடாமல் போகிறதா?

#28 பலகைக்காரன்

ஒரு இடத்தில் சிலிண்டர் கவரை உரசியது. நடுவே கண்ணாடியிழைத் துணி சுற்றிவிட்டேன். டியூனிங்கும் மறுபடி செய்தேன், எச் ஸ்க்ரூ கால் திருப்புக்குக் குறைவாக வெளியே வந்தது. டயாஃப்ரம் துளை பெட்டிக்குள்ளேயேதான் இருக்கிறது.

#29 வேகத்தடை

சைலன்சர் வாயைப் பெரிதாக்கினால் இன்னும் சூடு குறையும் என்கிறார்களே.

#30 கரிபிடித்தகை

குறையும், சூடான வாயு சீக்கிரம் வெளியேறும். ஆனால் அதற்கும் டியூனிங் ரிச் பக்கம் போக வேண்டும், செய்யாவிட்டால் என் பிஸ்டன் கதைதான். வெளியே வரும் வாயு எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பாருங்கள். மில் சட்டத்தில் மெஷின் படுத்திருக்கும்போது அது ஸ்டார்ட்டர் பக்கம் திரும்பி வந்தால் சூட்டையே மறுபடி உறிஞ்சுவீர்கள். பொறி தடுக்கும் வலையை மட்டும் கழற்றாதீர்கள். காய்ந்த தூள் குவியலின் மேல் நின்றுதான் வேலை செய்கிறோம்.

#31 பழையரம்பம்

படுத்திருப்பது என்றதும் ஞாபகம் வந்தது. மில்லில் மாட்டும்போது ஸ்டார்ட்டர் கவர் எந்தப் பக்கம் பார்க்கிறது தம்பி?

#32 பலகைக்காரன்

கீழே ஐயா. தரையைப் பார்த்து.

#33 பழையரம்பம்

தரையில் தூள் குவிகிறதா?

#34 பலகைக்காரன்

முழங்கால் உயரத்துக்கு. கட்டையைத் தாழ்வாக வைத்திருந்தேன், கடைசிப் பலகைகள் அறுக்கும்போது மெஷின் அந்தக் குவியலை ஒட்டித்தான் போகும். இவ்வளவு நாளும் தூளை நேராக ஃபேனுக்கே ஊட்டியிருக்கிறேன்.

#35 பழையரம்பம்

ரெண்டு முட்டுக்கட்டை வைத்துக் கட்டையை உயர்த்து. நடுநடுவே மண்வெட்டியால் தள்ளிவிடு.

#36 பலகைக்காரன்

நேற்று உயர்த்தி வைத்து அறுத்தேன். சங்கிலியும் ஒவ்வொரு டேங்குக்கும் தீட்டுகிறேன். அஞ்சாவது டேங்க் முடிந்து கழற்றிப் பார்த்தேன், ஃபில்டரின் வலை இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. குழாய் பாதி வேலை செய்ததா, முட்டுக்கட்டை பாதி செய்ததா என்று பிரித்துச் சொல்ல, குழாயை அடைத்து ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு குறை, அந்த வாய் 9,000 சுற்றுக்கு மேல் விசில் அடிக்கிறது.

#37 காற்றுச்சந்து

வாயின் உதடு கூராக இருக்கும். உருட்டி மழுக்குங்கள், போய்விடும்.

#38 பலகைக்காரன்

ராவி மழுக்கினேன். முழுதாகப் போகவில்லை, தாழ்ந்திருக்கிறது. காது மூடி போட்டால் கேட்பதில்லை. குழாயை அடைத்து ஓட்டிய கணக்கை அடுத்த வாரம் போடுகிறேன்.